பட்டு ஓவியம் நகலெடுக்கையில் சாயம் கோடு தாண்டாமலிருக்க

சிங்கப்பூர் அராப் ஸ்திரீட்டில் பட்டு வாங்கினால் 8 மோமி (பட்டின் எடை அளவு) ஹபோடை என்ற மெல்லிய பட்டு போதும். தடித்த பட்டில் குட்டா (சாயத்தைத் தடுக்கக் கோடாகப் போடும் பசை) அடிவரை இறங்காது. சாயம் கோட்டுக்கு அடியிலேயே கசிந்துவிடும். முதலில் மென்சோப்பில் அலசி, ஈரத்தோடு இஸ்திரி போட்டு, சட்டத்தில் விறைப்பாக இழுத்துக் கட்டுங்கள். மூல ஓவியத்தின் கோட்டுப்படத்தை அடியில் வைத்துப் பென்சிலால் மெல்ல வரைந்ததும் தாளை எடுத்துவிடுங்கள்.

குட்டா கோடு போட்டபின் சட்டத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். ஊசிமுனை இடைவெளி போதும், இதழின் சிவப்பு இலைக்குள் ஓடிவிடும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் கோடு காய்ந்ததுபோலத்தான் தெரியும், நம்பாதீர்கள். ஏர்கான் அறையில் ஓர் இரவு விடுங்கள். தூரிகையைக் கோட்டின்மேல் வைக்கவே வேண்டாம். அரை சென்டிமீட்டர் தள்ளித் தொட்டால் சாயம் தானாகப் பரவிக் கோட்டில் நிற்கும்.