மெமோ எழுதுவதற்கு முன் காலண்டரைப் பாருங்கள்

பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் பதினொரு ஆண்டுகள் மெஷினில் உட்கார்ந்து ஷூவின் மேல்பாகம் தைத்தேன். ஆறு ஆண்டுகளாக அதே லைனுக்கு சூப்பர்வைசர். புதிதாக இந்தப் பொறுப்புக்கு வரும் தங்கைகளுக்காக எழுதுகிறேன். தையலைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல ஒன்றுமில்லை. தையல் பிசகினாலோ விடுப்பு கேட்டாலோ மெமோ நீட்டுவதற்கு முன், அவளுடைய வீட்டுக் கஷ்டத்தை எப்படிக் கண்டுகொள்வது என்பதைத்தான் சொல்கிறேன்.

முதல் வேலை, சொந்தமாக ஒரு சின்ன நோட்டு. யாருக்கு எந்தத் தேதியில் பிரித்துத் தைக்கும் வேலை அதிகம், யார் அரைநாள் விடுப்பு கேட்டார் என்று ஒரு மாதம் குறித்து வையுங்கள். காரணம் எழுத வேண்டாம். நாளும் கிழமையும் போதும். என் நோட்டில் சம்பளத்துக்கு முந்தைய வாரமும் புதன்கிழமைகளும் கண்ணை உறுத்தின. புதன்கிழமை எங்கள் ஆட்கள் பலர் குடியிருக்கும் தெருக்களில் குழுக்கடன் வசூல். காலை ஏழு மணிக்குக் கூட்டம்; ஒருத்தி தவணை கட்டாவிட்டால் மற்றவர்களும் எழுந்து போக முடியாது. அங்கே பேச்சு வாங்கிக்கொண்டு ஓடிவந்து கம்பெனி பஸ் பிடித்தவள்தான் எட்டரை மணிக்கு ஊசியில் நூல் கோக்கிறாள்.

அப்படி ஒரு புதன்கிழமை, பத்து வருட அனுபவமுள்ள ஒருத்தியின் ஆள்காட்டி விரலில் ஊசி இறங்கிவிட்டது. "வேலைக்கு மட்டம் போட நடிப்பு" என்றார் மேலே இருந்தவர். முதலுதவி அறைக்கு அவளுடைய டிபன் பாக்ஸை நான்தான் எடுத்துப் போனேன். கையில் எடுத்ததுமே தெரிந்தது, வெறும் பாத்திரம். மற்றவர்கள் பார்வைக்காகத் தினமும் தூக்கி வந்திருக்கிறாள்.

காசுக் கவலை கைவேலையைக் கெடுக்கும் என்பது நானாகச் சொல்வதல்ல. திருவண்ணாமலையிலும் விழுப்புரத்திலும் கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்னும் பின்னும் யோசிக்கும் திறனைச் சோதித்தார்கள். 2013இல் 'சயின்ஸ்' இதழில் அது வெளிவந்தது. அதே ஆட்கள்தான், கை வறண்டிருந்தபோது திணறினார்கள், கரும்புப் பணம் வந்த பிறகு தேறினார்கள்.

அடுத்தது, கேட்கும் விதம். "ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டால் "ஒன்றுமில்லை அக்கா" என்பதே பதில். "காலையில் என்ன சாப்பிட்டாய்? ராத்திரி தூங்கினாயா?" என்று கேளுங்கள். லைனில் வேண்டாம், பஸ்ஸுக்கு நடக்கும்போது. வீட்டுக்காரரின் குடியைப் பற்றி நீங்களாக எடுக்காதீர்கள். வரவேண்டுமானால் அதுவாக வரும். கைக்காசு கொடுப்பதும் கூடாது. நான் ஒருத்திக்கு இரண்டாயிரம் கொடுத்தேன். அன்றிலிருந்து அவள் என்னைக் கண்டால் வேறு வரிசையில் நடந்தாள். எனக்குச் சேதி சொல்லும் ஒரு வாய் போயிற்று.

தண்ணீரையும் கவனியுங்கள். கழிவறைக்கு டோக்கன் கேட்டு நிற்கக் கூச்சப்பட்டு, வேலூர் மே மாதத்திலும் வாயை நனைக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். பிறகு நீர்க்கடுப்பு, தலைவலி. பழி ஷூ ஒட்டும் பசையின் நெடி மேல். என் லைனில் டோக்கனை எடுத்துவிட்டேன். யாரும் போய் உட்கார்ந்துவிடவில்லை. லண்டன் அரசு ஊழியர்களைப் பல்லாண்டு தொடர்ந்து கவனித்த மைக்கேல் மார்மட் என்ற ஆராய்ச்சியாளரின் குழுவினர், தன் வேலையில் தன் சொல் செல்லாதவர்களுக்கு இதயநோய் கூடுதலாக வருவதைக் கண்டார்கள். டோக்கன் சின்ன விஷயமாகத் தெரிவது அதைக் கேட்டு நிற்காதவர்களுக்குத்தான்.

இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டின் கணக்கைக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் பிடிப்பது எல்லோருக்கும் தெரியும். நோய்க்கால உதவித்தொகைக்கு ஆறு மாதத்தில் 78 நாளுக்காவது சந்தா பிடித்திருக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரியாது. அக்டோபர் முதல் மார்ச் வரை 78 நாள் தேறாவிட்டால், ஜூலை முதல் டிசம்பர் வரை நோயில் படுத்தால் அந்தப் பணம் கிடையாது. தேறினால் ஆண்டுக்கு 91 நாள்வரை, 70 சதவீதச் சம்பளம். நடுவில் விடுப்பு ஏறினால் பிப்ரவரியிலேயே எண்ணிச் சொல்லிவிடுங்கள்.

தூக்கமே இல்லை, சாக வேண்டும்போல இருக்கிறது என்று ஒருத்தி சொன்னால் அறிவுரை வேண்டாம். அவளைத் தனியே விடாமல், பக்கத்தில் உட்கார்ந்து, அரசின் மனநல உதவி எண்ணான 14416ஐ அழைத்துக் கொடுங்கள். இலவசம், இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள்.

இப்போது நான் புதன்கிழமைகளில் புது மாடல் தொடங்குவதில்லை, வியாழனுக்குத் தள்ளிவிடுவேன். மேலே கேட்டால் நூல் இன்னும் வரவில்லை என்று சொல்லிக்கொள்வேன்.