டின்ட் ஒட்டிய காரில் ராடார் டிடெக்டரை எங்கே பொருத்துவது?

டெக்சஸ் போன்ற வெயில் மாநிலங்களில் கார் வாங்கிய முதல் கோடைக்குள் கண்ணாடிகளுக்கு டின்ட் பிலிம் ஒட்டிவிடுகிறோம். நெடுஞ்சாலையில் அடிக்கடி பயணம் செய்பவராக இருந்தால், சில மாதங்களில் ராடார் டிடெக்டரும், அதாவது காவல்துறை வேகத்தை அளக்க வீசும் ராடார் அலையை முன்கூட்டியே உணர்ந்து ஒலிக்கும் கருவியும், வந்து சேர்கிறது. பிலிம் ஒட்டிய பிறகு டிடெக்டர் மந்தமாகிவிட்டது என்று சிலர் குறைப்படுவதுண்டு. அந்தக் குறை சில கார்களில் உண்மைதான் என்றாலும், பிலிமின் கறுப்பு அதற்குக் காரணமாகாது. கண்ணுக்கு இருட்டாகத் தெரியும் பிலிமை ராடார் அலை எளிதில் கடந்துவிடும்; பிலிமுக்குள் உலோகப் படலம் இருக்கிறதா என்பதைத்தான் முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்கக் காவல்துறையின் வேகம் அளக்கும் ராடார் கருவிகள் பெரும்பாலும் 24.15 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய கே பேண்ட் என்ற அலைவரிசையிலும், 33.4 முதல் 36 கிகாஹெர்ட்ஸ் வரையிலான கேஏ பேண்டிலும் இயங்குகின்றன. இந்த அலைகளின் நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். சாயம் ஏற்றிய பிலிமும், கார்பன் பிலிமும், செராமிக் பிலிமும் மின்சாரத்தைத் தொடர்ச்சியாகக் கடத்தும் பரப்பாக அமைவதில்லை என்பதால் அலையைப் பெரிதாகத் தடுப்பதில்லை. மெட்டலைஸ்டு அல்லது ஸ்பட்டர்டு என்று கடைக்காரர் சொல்லும் பிலிமில், ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக அலுமினியம் போன்ற உலோகம் படிய வைக்கப்பட்டிருக்கும். அவ்வளவு மெல்லியதாக இருந்தும் அது மின்சாரத்தைக் கடத்துவதால், வந்து மோதும் ராடார் அலையில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இழப்பு எவ்வளவு என்பதை ஒரு சிறு கணக்கால் உணரலாம். பிலிம் அலையின் ஆற்றலில் பத்தில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விடுவதாக வைத்துக்கொள்வோம். தொலைவின் வர்க்கத்துக்கு ஏற்ப ஆற்றல் குறைவதால், திறந்த சமவெளிச் சாலையில் ஒரு மைலுக்கு முன்பே ஒலிக்க வேண்டிய டிடெக்டர், மூன்றில் ஒரு பங்கு மைல் இருக்கும்போதுதான் ஒலிக்கும். மணிக்கு 70 மைல் வேகத்தில் செல்பவருக்கு 51 வினாடி எச்சரிக்கை 16 வினாடியாகச் சுருங்கிவிடுகிறது.

பக்கக் கண்ணாடிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. டிடெக்டர் பார்ப்பது முன்னோக்கித்தான் என்பதால், முன்கண்ணாடியே முக்கியம். டெக்சஸ் சட்டப்படி முன்கண்ணாடியின் மேற்பகுதியில் உற்பத்தியாளர் குறித்திருக்கும் ஏஎஸ்-1 கோட்டுக்கு மேலே அல்லது மேல்விளிம்பிலிருந்து 5 அங்குலம் வரையில்தான் பிலிம் ஒட்டலாம். சட்டத்துக்கு உட்பட்டு ஒட்டிய காரில், அந்தப் பட்டைக்குக் கீழே டிடெக்டரை இறக்கிப் பொருத்தினாலே பிலிம் குறுக்கே வராது. பலர் ரியர்வியூ கண்ணாடிக்குப் பின்னால், பட்டையின் நடுவிலேயே உறிஞ்சு கிண்ணத்தை ஒட்டிவிட்டுப் பிறகு கருவியைக் குறை சொல்கிறார்கள். பின்புறமும் ஆன்டெனா உள்ள கருவியாக இருந்தால் மட்டும் பின்கண்ணாடியின் பிலிமையும் விசாரித்துக்கொள்ளுங்கள். அங்குள்ள, கண்ணாடியில் படியும் ஈரப்பனியை நீக்கும் டிஃபாகர் கம்பிகளின் இடைவெளி அலைநீளத்தைவிடப் பெரியது. அவை அலையை மறைத்துவிடுவதில்லை.

பிலிமே ஒட்டாத சில கார்களிலும் இதே தொல்லை இருக்கிறது. வெப்பத்தைத் தடுப்பதற்காக அல்லது பனியை உருக்குவதற்காக, கண்ணாடியின் இரு அடுக்குகளுக்கு நடுவில் தொழிற்சாலையிலேயே உலோகப் பூச்சு கொடுத்துவிடுகிறார்கள். சுங்கக் கட்டணத்துக்காகக் கண்ணாடியில் ஒட்டும் டோல் டேகின் ரேடியோ அலைக்கும் அது தடை என்பதால், பல கார்களில் ரியர்வியூ கண்ணாடிக்கு அருகில் சிறு பகுதியைப் பூச்சின்றி விட்டிருப்பார்கள். டோல் டேகை எங்கே ஒட்டச் சொல்கிறது என்று காரின் கையேட்டைப் பாருங்கள். டிடெக்டருக்கும் அதுவே சரியான இடம். அப்படி ஓர் இடமே இல்லாத காரில், முன்பக்க கிரில்லுக்குள் ஆன்டெனாவைப் பொருத்தும் வகைக் கருவியை வாங்குவதுதான் வழி. அதற்குச் செலவு கூடும்.

எந்த பிலிம் என்று தெரியாத பழைய கார் கைக்கு வந்தால், கடைக்குப் போகாமலே சோதித்துவிடலாம். பல சூப்பர்மார்க்கெட்டுகளின் தானியங்கிக் கதவுகள் கே பேண்ட் உணர்வியால் இயங்குகின்றன. டிடெக்டர் காரணமின்றிக் கூவுவதற்கு அவையும் ஒரு காரணம். கூட்டம் சேராத காலை வேளையில், காரின் முகம் கதவைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். கருவியை முழு உணர்திறனுள்ள ஹைவே மோடில் வைத்து, பொய் எச்சரிக்கைகளை அடக்கும் கே பேண்ட் வடிகட்டியை அணைத்துவிடுங்கள். கருவியின் திரையில் அலையின் வலிமையைக் காட்டும் கட்டைகளில் ஓரிரண்டு மட்டும் தெரியும் தூரத்துக்குக் காரைப் பின்னுக்கு எடுங்கள். பிறகு கார்க் கதவைத் திறந்து, அதே உயரத்தில், அதே திசையில், கருவியைக் கண்ணாடிக்கு வெளியே நீட்டிப் பாருங்கள். நான் வாங்கிய பழைய செடானில் உள்ளே ஒரு கட்டை மினுக்கி மினுக்கி அணைந்தது. வெளியே நீட்டிய கணமே ஐந்து கட்டைகள் நின்றன. பட்டைக்குக் கீழே நகர்த்தியபோது உள்ளேயும் ஐந்து வந்தது. பக்கத்தில் வந்து நிற்கும் காரில் ஓட்டுநர் கண்ணுக்குத் தெரியாத பக்கத்தைக் கண்காணிக்கும் பிளைண்ட் ஸ்பாட் ராடார்கூட டிடெக்டரைக் கூவ வைக்கும் என்பதால், சோதனையை இரண்டு மூன்று முறை செய்து பார்ப்பது நல்லது.

காவல்துறை வேகத்தை அளக்கப் பயன்படுத்தும் லேசர் துப்பாக்கியின் கதை வேறு. அது 904 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளியைப் பயன்படுத்துகிறது. வெப்பத்தைத் தடுக்கும் நல்ல செராமிக் பிலிம் தடுப்பதும் அதே அகச்சிவப்பைத்தான். 3எம் கிறிஸ்டலைன் போன்ற உலோகமற்ற பல்லடுக்கு பிலிமும் ராடாருக்கு வழிவிட்டு லேசரைக் குறைத்துவிடும். இதற்காக பிலிமை மாற்ற வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். லேசர் எச்சரிக்கை ஒலிக்கும் நேரத்தில் பெரும்பாலும் உங்கள் வேகத்தை அளந்து முடித்திருப்பார்கள்.

வர்ஜீனியாவிலும் வாஷிங்டன் டி.சி.யிலும் டிடெக்டரைப் பயன்படுத்துவது சட்டவிரோதம். 10,000 பவுண்டுக்கு மேற்பட்ட எடையுள்ள வணிக வாகனங்களுக்கு நாடு முழுவதும் தடை உண்டு. வர்ஜீனியா வழியாகப் போவதானால், எல்லைக்கு முன்பே கருவியைக் கழற்றி, மின்கம்பியையும் பிரித்து, ஓட்டுநரின் கைக்கு எட்டாத டிக்கிக்குள் வைத்துவிடுங்கள்.