நின்றுபோன படிப்பைத் திரும்பத் தொடங்குகிறவர்கள் ஓ.எல்.லில் விடும் பிழைகள்

வேலை, கலியாணம், வெளிநாடு, வீட்டுக் கஷ்டம் என்று ஏதோ ஒன்றில் படிப்பு நின்றுபோய், முப்பது வயதுக்குக் கிட்ட வந்து சாதாரண தரப் பரீட்சை (ஓ.எல்.) எழுத உட்காருகிறவர்கள் இலங்கையின் கிழக்கில் களுவாஞ்சிக்குடி, கல்முனைப் பக்கம் நிறையப் பேர். நானும் அந்தக் கூட்டம்தான். எங்களுக்குள் அடிக்கடி காண்கிற பிழை, பதினைந்து வயதில் ஒவ்வொரு பாடத்தைப் பற்றியும் வைத்திருந்த எண்ணத்தை இன்னும் நம்பிக்கொண்டு நேரத்தைப் பங்குபோடுவது. அன்று பயந்த பாடம் இன்று இலகு. அன்று சும்மா சித்தியடைந்த பாடம்தான் இன்று காலை வாருகிறது.

கணிதத்தையே எடுங்கள். "அது எனக்குச் சரிவராது" என்று கடைசிக்குத் தள்ளுகிறவர்களே அதிகம். ஆனால் உயர்தரத்துக்கும் பல அரச வேலைகளுக்கும் கேட்கிற ஆறு பாடச் சித்தியில் தமிழும் கணிதமும் இருந்தாக வேண்டும். S என்ற சாதாரண சித்தி எடுக்க 35 புள்ளி போதும், C என்ற திறமைச் சித்தி என்றால் 50. நகையை அடகு வைத்து மீட்டவருக்கும், குழுக் கடன் கட்டி முடித்தவருக்கும் வட்டிக் கணக்கை யாரும் புதிதாக விளங்கப்படுத்தத் தேவையில்லை. குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி பார்ப்பது வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர், நமக்கு அது மாதாமாதம் கட்டிய காசு. மேசனுக்குப் பரப்பளவும் அப்படித்தான். சதவீதம், வரி, பரப்பளவு என்று தெரிந்த பக்கத்தால் நுழையுங்கள், அட்சரகணிதமும் கேத்திரகணிதமும் பிறகு வரட்டும். ஒன்று மட்டும் கவனம்: போனில் கணக்குப் பார்த்துப் பழகாதீர்கள். பரீட்சை மண்டபத்தில் கல்குலேட்டர் கிடையாது, மடக்கை அட்டவணைதான். நீள் வகுத்தல் மறந்துபோன ஆட்கள் எத்தனை பேர் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

விஞ்ஞானத்தில் இதற்கு நேர்மாறான பிழை. அனுபவம் இருக்கிறது என்ற தைரியத்தில் புத்தகத்தைத் திறக்காமலே போவது. வயரிங் வேலை செய்கிறவர்கூட மின்பட்டியலில் வரும் ஒரு யூனிட் எதை அளக்கிறது என்று கேட்டால் "கரண்ட்" என்கிறார். அது சக்தி. 1000 வாற்று அயன்பொக்ஸ் ஒரு மணித்தியாலம் ஓடினால் ஒரு யூனிட். மின்னோட்டத்தை அளப்பது அம்பியரில். விவசாயப் பாடமும் இப்படித்தான். வெள்ளாமை செய்த கைக்கு மண்ணைத் தெரியும், ஆனால் கேள்வி மண்ணின் அமைப்பையும் போசணைக் குறைபாட்டின் அறிகுறியையும் கேட்கும்.

வரலாறுதான் வயதுக்கேற்ப அதிகம் மாறிய பாடம். வாக்குப் போட்டுப் பழகிய பிறகு, 1931இல் டொனமூர் யாப்போடு சர்வசன வாக்குரிமை வந்த கதையை மனப்பாடம் பண்ணத் தேவையில்லை, அது தானாக நிற்கிறது. ஆபத்து வேறு இடத்தில். சுதந்திரத்துக்குப் பிந்திய பகுதி வந்ததும் நம் ஆட்கள் சொந்த அரசியலைப் பக்கம் பக்கமாக எழுதிவிடுகிறார்கள். நியாயமான கோபம்தான், ஆனாலும் புள்ளித் திட்டத்தில் அதற்கு இடமில்லை. கேட்ட விடயத்தை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள்.

தமிழ் தாய்மொழிதானே என்று விடுவதும் கூடாது. பல வருடம் வொய்ஸ் மெசேஜில் பேசிய கைக்கு மூன்று மணி நேரம் எழுத முடியாது. கடந்தகால வினாத்தாளை மணிக்கூடு வைத்து, பேனை பிடித்து முழுதாக எழுதிப் பாருங்கள்.

அப்புறம், அண்ணனின் பழைய புத்தகம். 2016 பரீட்சையிலிருந்து பாடத்திட்டம் புதியது, அதற்கு முந்தியதை ஒதுக்கிவிடுங்கள். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் இப்போதைய புத்தகங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன.

வேலைக்காக எழுதுகிறவர்கள் வர்த்தமானி அறிவித்தலைக் கடைசி வரி வரை வாசிக்க வேண்டும். எத்தனை அமர்வுக்குள் சித்தி, எத்தனை C என்பதெல்லாம் பதவிக்குப் பதவி வேறு. அதைப் பார்க்காமல் இரண்டு பாடம் இந்த முறை, மூன்று பாடம் அடுத்த முறை என்று துண்டு துண்டாக எழுதியவர்கள் பிறகு திண்டாடுகிறார்கள்.

நாமே தெரிவு செய்கிற தொகுதிப் பாடத்தில் சங்கீதமோ நடனமோ இலகு என்று எடுக்கிறவர்கள் செயன்முறைப் பரீட்சையை மறக்கிறார்கள். அதற்குத் தனியாக ஒரு நாள் போக வேண்டும். கடையிலோ ஆடைத் தொழிற்சாலையிலோ நிற்கிறவர், அந்த நாளுக்கும் லீவு கிடைக்குமா என்று விண்ணப்பத்தில் பாடத்தைக் குறிக்கும் முன்பே கேட்டு வைப்பது நல்லது.