மழை விடுமுறையில் லைன் வீட்டுக்கும் பாடம் போய்ச் சேர: நீலகிரி ஆசிரியர்களுக்கும் தன்னார்வலர்களுக்கும்

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை வலுத்தால் கூடலூர், பந்தலூர், குந்தா பக்கம் பள்ளிக்கு விடுமுறை. அக்டோபருக்குப் பிறகு வடகிழக்கு மழையில் குன்னூர், கோத்தகிரி பக்கம் அதே நிலை. அன்று காலை வாட்ஸ்அப் குழுவில் ஆன்லைன் வகுப்புக்கான ஒரு லிங்க் வரும். ஊட்டி டவுனில் வைஃபை உள்ள வீட்டுப் பிள்ளை உடனே சேர்ந்துகொள்ளும். எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் இருக்கிற ஒரே போன் அப்பாவின் சட்டைப் பையில் வேலைக்குப் போயிருக்கும். கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. போன் இல்லாத வீடுகளில் படிப்பு அறுந்துபோன காலம் அது. அது திரும்ப நடக்கக் கூடாது என்றால், வகுப்பிலேயே வசதி குறைந்த பிள்ளையை மனதில் வைத்துத்தான் பாடத்தைத் திட்டமிட வேண்டும். அந்தப் பிள்ளைக்கு எட்டுகிற பாடம் எல்லோருக்கும் எட்டும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே ஒரு நோட்டில் பிள்ளைக்கு ஒரு வரி எழுதுங்கள். "வீட்டில் போன் இருக்கா?" என்று மட்டும் கேட்டால் எல்லோரும் இருக்கு என்றுதான் சொல்வார்கள். அந்தப் பதிலால் பயனில்லை. போன் யார் கையில் இருக்கும், எத்தனை மணிக்கு வீடு திரும்பும், டச் போனா பட்டன் போனா, எந்த சிம்முக்கு வீட்டுக்குள் சிக்னல் கிடைக்கும், எத்தனை பிள்ளைகள் பங்கு போடுகிறார்கள் என்று கேளுங்கள். வீட்டில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவர் யார் என்பதையும் விடாமல் கேளுங்கள். பணியர், காட்டுநாயக்கர், இருளர் வீடுகளில் பேச்சு மொழி வேறு. ஜார்க்கண்ட், அசாமிலிருந்து எஸ்டேட் வேலைக்கு வந்த குடும்பங்களில் தமிழ் எழுத்தே புதிது. அங்கே எழுதி அனுப்பும் குறிப்பு அப்படியே கிடக்கும். குரல்தான் போய்ச் சேரும்.

சிக்னலை அளந்து பாருங்கள்

திரையில் தெரியும் கோடுகளை நம்ப வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், சிம் ஸ்டேட்டஸ் என்று போனால் சிக்னல் அளவு மைனஸ் எண்ணாகத் தெரியும். மைனஸ் 90, மைனஸ் 80 என்று பூஜ்ஜியத்தை நெருங்க நெருங்க சிக்னல் நல்லது, நேரலை வகுப்பு தாங்கும். மைனஸ் 110ஐத் தாண்டி மைனஸ் 115, 120 என்று போனால் குரல் பதிவு இறங்குவதே பாடு. வாசல், ஜன்னல், சமையலறை, பின்பக்கம் என்று நான்கு இடத்தில் பாருங்கள். தகரக் கூரையும் தகரச் சுவரும் சிக்னலைத் தடுக்கும் என்பதால் ஒரே வீட்டுக்குள் ஜன்னலோரத்துக்கும் நடுவீட்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கும். ஜன்னல் பக்கம் ஒரு போனை ஹாட்ஸ்பாட் போட்டு வைத்து, இன்னொரு போனோடு பிள்ளை உள்ளே உட்காரலாம். கரண்ட் போய்ச் சில மணி நேரத்தில் டவர் பேட்டரியும் தீர்ந்துவிடும் என்பதால் மழை நாளில் காலையிலேயே அனுப்பிவிடுவது நல்லது.

சிக்னல் தேடிப் பிள்ளையை மேட்டுக்கு அனுப்பவே கூடாது. கூடலூர், பந்தலூரில் யானை. கோத்தகிரி, குன்னூர் தேயிலைக் காட்டில் காட்டெருமை, கரடி, சிறுத்தை. மாலை 5 மணிக்கு மேல் வீட்டை விட்டு வெளியே வரவைக்கும் எந்த வகுப்பையும் வைக்காதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

பாடத்தைச் சின்னதாக்குங்கள்

கேமராவோடு ஒரு மணி நேர நேரலை வகுப்பு அரை ஜிபியைத் தாண்டும், சில நேரம் ஒரு ஜிபியைத் தொடும். நாளுக்கு ஒன்றரை ஜிபி ரீசார்ஜில் மூன்று பிள்ளைகள் எப்படிப் படிப்பது? 5 நிமிட வாட்ஸ்அப் குரல் பதிவு ஒரு எம்பிக்குள் அடங்கிவிடும். ஆகவே நேரலையைக் கூடுதல் உதவியாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முதுகெலும்பாகக் குரல் பதிவும் காகிதமும் இருக்கட்டும்.

மழை எச்சரிக்கை வந்த அன்றே, மூன்று நாளுக்கான பயிற்சித் தாளைப் பிள்ளையின் பையில் வைத்து அனுப்பிவிடுங்கள். நாளுக்கு ஒரு பக்கம் போதும். ஒவ்வொரு நாளும் ஒரு குரல் பதிவு, 5 நிமிடத்துக்குள். ஐந்தாம் வகுப்புக் கணக்குக்கு இப்படிப் பேசலாம்: "அம்மா நேற்று 27 கிலோ கொழுந்து பறிச்சாங்க, இன்னைக்கு 35 கிலோ. இரண்டு நாளும் சேர்த்து எவ்வளவு? இப்போ நிறுத்திட்டு எழுது." அப்படியே ஐந்து விநாடி மௌனம் விடுங்கள். பதிவை நிறுத்தாத பிள்ளைக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். ஒரு பதிவில் ஒரே கருத்து, மூன்று கேள்வி. 12 நிமிடம் பேசினால் பாதிக்கு மேல் யாரும் கேட்பதில்லை.

பட்டன் போன் வீடுகளுக்கு கான்ஃபரன்ஸ் கால். சாதாரண அழைப்பில் ஒரே நேரத்தில் ஐந்து பேர் வரை சேர்க்கலாம். நான்கோடு நிறுத்துவதே நல்லது, ஐந்தாவது குரல் சேர்ந்தால் இரைச்சலில் ஒன்றும் புரியாது. அப்பா வேலை முடிந்து வந்த பிறகு, இரவு 7 மணி வாக்கில், 15 நிமிடம் போதும். ஆசிரியர்தான் அழைக்க வேண்டும், செலவு வீட்டின் மேல் விழாது.

வீடியோ வேண்டும் என்றால் மெமரி கார்டு. 32 ஜிபி கார்டில் 360 அளவுத் தரத்தில் பத்து நிமிடப் பாடங்கள் ஐந்நூறுக்கு மேல் பிடிக்கும். பாடநூலின் க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்து தீக்ஷா செயலியில் இறக்குவது அந்தச் செயலி உள்ள போனுக்குத்தான் உதவும். கார்டில் போடுவது சாதாரண எம்பி4 கோப்பாக இருக்கட்டும். கார்டைப் போட்டதும் போன் கேட்கும் கேள்வியில் "போர்ட்டபிள்" என்பதையே தேர்ந்தெடுங்கள். "இன்டர்னல்" கொடுத்தால் கார்டு அந்த ஒரு போனோடு பூட்டிக்கொள்ளும், அடுத்த வீட்டில் திறக்காது.

"மிஸ், பாடம் வரல" என்று புகார் வந்தால் முதலில் போனில் இடம் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் ஃபார்வேர்டு வீடியோக்கள் நிரம்பிக் கிடக்கும். வாட்ஸ்அப்பில் வீடியோ தானாக இறங்குவதை நிறுத்திக் கொடுத்தால் டேட்டாவும் மிஞ்சும். டிசம்பர், ஜனவரி உறைபனியில் போனைத் தரையிலோ ஜன்னல் திண்டிலோ வைத்தால் சார்ஜ் வேகமாக இறங்கும், துணியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். 10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒரு போனை ஒன்றரை முறை நிரப்பும். லைனுக்கு ஒன்று, பொறுப்பான ஒரு அக்காவிடம் இருந்தால் போதும். பள்ளி மேலாண்மைக் குழுவில் கேட்டுப் பாருங்கள்.

வருகைப் பதிவும் திருத்தமும்

நேரலையில் சேர்ந்ததை வைத்து வருகை போடாதீர்கள். அது சிக்னலுக்குப் போடும் மதிப்பெண். தாள் திரும்பி வந்ததா, போட்டோவாகவோ போனில் வாயாலோ பதில் வந்ததா என்று பாருங்கள். எதுவானாலும் வருகைதான். வந்த பதிலுக்கு இரண்டு நாளுக்குள் பேர் சொல்லி ஒரு வரி குரலில் அனுப்புங்கள்: "செல்வி, கூட்டின முறை சரி, கையில நின்ன ஒண்ணைச் சேர்க்க மட்டும் மறந்துட்ட." பதில் வராவிட்டால் பிள்ளைகள் மூன்றாம் நாளே அனுப்புவதை விட்டுவிடுகிறார்கள். இரண்டு நாள் சத்தமே இல்லாத பிள்ளையின் வீட்டுக்கு அந்த ஊர்த் தன்னார்வலரையோ பக்கத்து லைன் பெரிய பிள்ளையின் பெற்றோரையோ போய்ப் பார்க்கச் சொல்லுங்கள்.

பள்ளி திறந்த முதல் நாள் புதுப் பாடம் எடுக்க வேண்டாம். மூன்று தாள்களையும் வாங்கி, எந்தக் கேள்வியில் பாதி வகுப்பு தடுக்கி விழுந்தது என்று பாருங்கள். அதைக் கரும்பலகையில் மறுபடி நடத்துங்கள். தாள் கொண்டுவராத பிள்ளைகளை முன் வரிசையில் உட்கார வைத்து, அந்தத் தாள்களில் உள்ள கேள்விகளை வாய்மொழியாகக் கேட்டுவிட்டு அடுத்த பாடத்துக்குப் போகலாம்.