வாய்க்காலில் போகும் இரண்டு மூட்டை யூரியா

வேதாரண்யம் பக்கம் ஒரு ஏக்கர் குளம் இரண்டில் வனாமி இறால் வளர்க்கிறேன். நான் வடிக்கும் நீர் சேரும் ஓடையில்தான் அடுத்த பண்ணைக்காரர் தண்ணீர் எடுக்கிறார். அவர் வடிப்பதும் எனக்கே வருகிறது. அந்த வடிநீரை எப்படிச் சுத்தம் செய்கிறேன், அதிலுள்ள சத்தை எப்படித் திரும்ப எடுக்கிறேன் என்று எழுதுகிறேன்.

முதலில் ஒரு கணக்கு. 35 சதவீதப் புரதமுள்ள தீவனம் ஒரு டன் போட்டால், அதில் 56 கிலோ நைட்ரஜன் இருக்கிறது. இறால் உடம்பில் சேர்வது ஏறக்குறைய கால் பங்கு. மீதி 40 கிலோ தண்ணீருக்கும் சேற்றுக்கும் போகிறது. இரண்டு மூட்டை யூரியாவில் இருக்கும் அளவு அது.

முதல் வருடம் கழிவுநீர்த் தொட்டிக்கு விற்கும் பாக்டீரியாப் பொடியை வாங்கி 28 பிபிடி (லிட்டருக்கு 28 கிராம்) உப்பில் கொட்டினேன். அந்த மிச்ச நைட்ரஜன்தான் நீரில் அமோனியாவாக நிற்கிறது. ஒரு மாதம் ஆகியும் அது இறங்கவில்லை. காரணம் பிறகுதான் புரிந்தது. நல்ல தண்ணீரில் வளர்ந்த பாக்டீரியாவை உப்பில் போட்டால், ஊறுகாய் மாங்காய் மாதிரி அதன் உடம்பு நீர் வெளியே போய்ச் சுருங்கிவிடும். உப்பு தாங்கும் இனங்கள் எக்டோயின், பீட்டெய்ன் போன்ற பொருள்களை உள்ளே சேர்த்து வைத்துக்கொண்டு அந்த இழுப்பைச் சமாளிக்கின்றன. அவை நம் குளத்திலேயே இருக்கின்றன. பெருக்குவதுதான் வேலை.

200 லிட்டர் டிரம் ஒன்றை நிழலில் வையுங்கள். நோயில்லாமல் அறுவடையான உங்கள் குளத்து நீரையே நிரப்புங்கள். கழுவிய கிளிஞ்சல் ஓட்டை வெங்காயச் சாக்குகளில் கட்டி உள்ளே தொங்கவிடுங்கள், பாக்டீரியா அதில்தான் ஒட்டி வளரும். குளத்தடியின் மேல்படலமாக இருக்கும் பழுப்புச் சேறு இரண்டு கைப்பிடி போதும். அழுகின முட்டை நாற்றம் அடிக்கும் கருஞ்சேறு வேண்டாம். ராப்பகலாகக் காற்று ஓட வேண்டும். கடல் நீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் கரையும்: 30 டிகிரியில் நல்ல தண்ணீர் லிட்டருக்கு 7.5 மில்லிகிராம் பிடிக்கும் என்றால், இது 6 சொச்சம்தான் பிடிக்கும்.

பாக்டீரியாவின் உணவுக்குக் கால் தேக்கரண்டி நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு). அது அமோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) அளவுக்கு வரும். டெஸ்ட் கிட்டில் முதலில் அமோனியா இறங்கும், நைட்ரைட் ஏறும், அப்புறம் அதுவும் நைட்ரேட்டாக மாறி இறங்கும். அமோனியா பூஜ்யம் ஆகும்போதெல்லாம் மறுபடி கால் தேக்கரண்டி. என் டிரம் தயாராக 38 நாள் ஆனது. நைட்ரைட் ஏறி நிற்கும் வாரங்களில் கை பரபரக்கும். நீரை மாற்றிவிடாதீர்கள், இந்தப் பாக்டீரியா மெதுவாகத்தான் பெருகும்.

தயாரானதும் அந்தச் சாக்குகளை வடிகாலின் கடைசிப் பகுதியில் இறக்கி, அங்கேயும் காற்று கொடுங்கள். டிரம்மில் புதுச் சாக்குகளைப் போட்டு வையுங்கள். ஒரு கிராம் அமோனியா நைட்ரஜனை மாற்ற இவை ஏழு கிராம் காரத்தன்மையைத் தின்னும். கிளிஞ்சல் கொஞ்சம் ஈடுகட்டும். காரத்தன்மை 100 பிபிஎம்முக்குக் கீழே போனால் ஆப்ப சோடா போடுங்கள்.

ஆனால் இந்தச் சாக்குகளுக்கு முன்னால் இன்னொரு கட்டம் உண்டு. நான் 10 சென்ட் ஒதுக்கி, வடிநீரை அங்கே தங்கவைக்கிறேன். கொள்ளளவு 5 லட்சம் லிட்டர். அமோனியா நைட்ரஜன் 2 பிபிஎம் இருந்தால் மொத்தம் ஒரு கிலோ. அதற்கு 20 கிலோ சர்க்கரைச் சத்து வேண்டும், அதாவது மொலாசஸ் (சர்க்கரை ஆலைப் பாகு) ஏறக்குறைய 40 கிலோ. நான்கு நாளாகப் பிரித்து, வெயில் ஏறும் காலையில் கரைத்து ஊற்றுங்கள். ஒரே நாளில் ஊற்றினால் பாக்டீரியா திடீரெனப் பெருகி, விடியற்காலையில் ஆக்சிஜனை வழித்து எடுத்துவிடும். சாக்கு இருக்கும் இடத்தில் மொலாசஸ் போகவே கூடாது, வேகமாக வளரும் பாக்டீரியா கிளிஞ்சலை மூடிவிடும்.

நான்கைந்து நாளில் பழுப்புத் திரள்கள் மிதக்கும். அமோனியாவைத் தின்று உடம்பாக்கிக்கொண்ட பாக்டீரியாக் கூட்டம் அது, புரதம். கூம்புக் குவளையில் ஒரு லிட்டர் எடுத்து அரைமணி நேரம் வையுங்கள். அடியில் 10 முதல் 15 மில்லி படிந்தால் போதும், அதற்கு மேல் மொலாசஸ் வேண்டாம். அந்தத் திரளை அந்த 10 சென்ட் குளத்திலேயே மடவை மீனும் பால்மீனும் மேய்கின்றன. பால்மீன் குஞ்சை நான் பொரிப்பகத்தில்தான் வாங்குகிறேன்.

சாக்கைத் தாண்டி வரும் நீரில் நைட்ரேட் மிஞ்சும். அதை உப்பு நிலத்தில் வளரும் உமரிச் செடிக்கு விடுகிறேன். வரப்போரம் தானாக முளைத்த செடியை ஒடித்து நட்டேன், உப்பு நீரிலேயே தழைத்துவிட்டது. கீரையாக வதக்கும்போது உப்பு போட வேண்டாம்.

ஐப்பசி மழையில் என் குளம் 30 பிபிடியிலிருந்து 12க்கு வந்துவிடும். உப்பு தாங்கும் பாக்டீரியாவுக்கும் திடீர் மாற்றம் ஆகாது. அதனால் டிரம்மில் நாளுக்கு 2 பிபிடி வீதம் முன்கூட்டியே இறக்கிக்கொண்டு வருகிறேன்.

வெள்ளைப்புள்ளி நோய் வந்த குளத்து நீரை மட்டும் இந்த வழிக்குள் விடாதீர்கள். அதே குளத்தில் அடைத்து வைத்துக் குளோரின் போட்டு, குளோரின் முழுதும் போனது தெரிந்த பிறகே வெளியேற்றுங்கள். கொஞ்சம் குளோரின் சாக்குப் பக்கம் போனாலும் 38 நாள் வேலை போச்சு. டிரம்மை வருடம் முழுக்க ஓடவிடுவது அதனால்தான்.