அப்பா வளைகுடாவில், பிள்ளை மதுரையில்: படிப்பை முடிவு செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கம் எந்தத் தெருவில் விசாரித்தாலும் சவுதியிலோ துபாயிலோ ஒரு அப்பா இருப்பார். அந்த வீட்டுப் பிள்ளை 'எனக்கு இன்ஜினியரிங் வேண்டாம்' என்று சொன்னால் சண்டை வரத்தான் செய்யும். ஆனால் ஜெயித்திருக்க வேண்டிய சண்டையில் பல பேர் தோற்றுப்போவது படிப்பினால் இல்லை, அதைச் சொன்ன விதத்தினாலும் சொன்ன நேரத்தினாலும்தான்.

நேரத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். ரிசல்ட் வரட்டும், மே மாதம் மெதுவாகச் சொல்லலாம் என்று இருந்துவிடுகிறார்கள். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு இப்போதெல்லாம் டிசம்பரிலேயே நடக்கிறது, ஃபேஷன் படிப்புகளுக்கான நிஃப்ட் எழுத்துத் தேர்வும் பிப்ரவரிக்குள் முடிந்துவிடுகிறது, பிளஸ் டூ பொதுத்தேர்வே மார்ச்சில்தான். நீங்கள் வாயைத் திறக்கும்போது கதவு பாதி சாத்தியாகிவிட்டது; 'இப்ப வேற என்னடா இருக்கு?' என்று அப்பா கேட்டால் அவர் கேட்பது நியாயம்தான். இன்னும் சொல்லப்போனால், பத்தாவது முடித்து குரூப் எடுக்கும்போதே பேச வேண்டும். கணக்கு இல்லாமல் ஆர்க்கிடெக்சர் கிடையாது, உயிரியல் பக்கமே போகாமல் மருத்துவம் கிடையாது.

அடுத்தது, சபையில் போட்டு உடைப்பது. சவுதி, குவைத், கத்தாரில் வெள்ளிக்கிழமை லீவு. அன்றைக்கு வீடியோ காலில் அப்பத்தா, சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது சொன்னால், மனசுக்குள் சரி என்று தோன்றினாலும் நாலு பேர் முன்னால் அப்பாவால் சரி சொல்ல முடியாது. தனியாகப் பேசுங்கள். அதற்கு முன்னால் அம்மாவிடம், அப்புறம் பேங்க், பள்ளிக்கூடம் என்று அப்பாவுக்குப் பதிலாக அலைகிற மாமாவிடம். 'விசாரிச்சேன் மச்சான், நல்ல படிப்புதான்' என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால், நீங்கள் ஒரு மாதம் அழுது சாதிக்காதது நடந்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, அப்பா எதற்குப் பயப்படுகிறார் என்று பார்க்காமல் பேசுவது. பத்தாவது தேறாதவர் பாஸ்போர்ட்டில் ஈ.சி.ஆர். (வெளிநாட்டு வேலைக்குப் போகும் முன் சோதனை தேவை என்கிற குறிப்பு) இருக்கும், வளைகுடாவுக்கு வேலைக்குப் போக அவர் தனியாக அனுமதி வாங்க வேண்டும், பத்தாவது பாஸானவருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரே ஒரு சர்டிபிகேட் என்ன செய்யும் என்பதை அவர் விமானம் ஏறும் முன்பே பார்த்தாயிற்று. அங்கே போனாலும், தன்னைவிட வேலை குறைவாகத் தெரிந்த ஒருவன் டிப்ளமோ வைத்திருப்பதால் சூப்பர்வைசராக நிற்பான். விசா வேலையோடு ஒட்டியது, வேலை போனால் ஊருக்கு வர வேண்டியதுதான், பென்ஷன் கிடையாது. இப்படி இருபது வருஷம் ஓட்டியவரிடம் போய் 'எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது' என்று மட்டும் சொன்னால் காதில் ஏறாது. எந்தக் கல்லூரி, எத்தனை வருஷம், மொத்தச் செலவு எவ்வளவு, முடித்தவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள், முதல் சம்பளம் என்ன, சரிப்படாவிட்டால் அடுத்து என்ன, இந்த ஆறுக்கும் பதில் வைத்துக்கொண்டு போங்கள்.

எடுத்த எடுப்பில் இருப்பதிலேயே செலவான வழியைக் கேட்பதும் ஒரு தவறு. சட்டம் படிக்க ஆசை என்றால் பெங்களூருதான் போக வேண்டும் என்றில்லை. மதுரையிலேயே அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஐந்து வருடப் படிப்புக்குப் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள், கட்டணமும் குறைவு. விவசாயம் என்றால் ஒத்தக்கடையில் வேளாண் கல்லூரி. பெண் பிள்ளைகளுக்கு 'ஹாஸ்டலா, தூரமா' என்கிற கேள்வியே பாதிச் சண்டை என்பதால் இது கூடுதலாக உதவும் (அந்தக் கேள்வி பையன்களுக்கு ஏன் வருவதில்லை என்பது வேறு விஷயம்).

சரி, சண்டை வேண்டாம் என்று பணிந்துபோகிறவர்கள் செய்கிற தவறு இன்னும் செலவானது. இன்ஜினியரிங் கட்-ஆஃப் என்பது கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. அதில் நல்ல கல்லூரி கிடைக்காதபோது நகையை அடகு வைத்து மேனேஜ்மென்ட் சீட் வாங்குகிறார்கள். குடும்பத்தில் முதல் பட்டதாரிக்கு அரசு தருகிற கட்டணச் சலுகை கவுன்சலிங்கில் வருகிறவர்களுக்குத்தான், மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. இதை அப்பாவிடம் யாரும் சொல்வதே இல்லை. 'முதல்ல இன்ஜினியரிங் முடி, அப்புறம் உன் இஷ்டம்' என்பது கணக்கு வருகிற பிள்ளைக்கு மோசமான ஒப்பந்தம் என்று நான் நினைக்கவில்லை. வராத பிள்ளைக்கு அது நாலு வருஷ அரியர்.

பெற்றோருக்கும் ஒன்று. 'உனக்காகத்தானே இந்த வெயில்ல கெடக்கேன்' என்பது உண்மைதான், ஆனால் போன் பேசும்போதெல்லாம் அதைச் சொன்னால் பிள்ளை பொய் சொல்லப் பழகிவிடும். காலேஜுக்கே போகாமல் போகிறேன் என்று சொல்லித் திரிகிற பையன்கள் அப்படி உருவானவர்கள்தான்.

கடைசியாக, அப்பா 'சரி, ஒரு வருஷம் டைம் தாரேன்' என்றால் சந்தோஷத்தில் போனை வைத்துவிடாதீர்கள். எந்தத் தேதி வரைக்கும், அதற்குள் என்ன நடந்திருக்க வேண்டும், அந்த ஒரு வருஷச் செலவு யாருடையது என்று அன்றைக்கே பேசிவிடுங்கள். இல்லாவிட்டால் ஆறாவது மாசமே சித்தப்பா கேட்க ஆரம்பித்துவிடுவார்.