பித்தளைல ஸ்ட்ரட் செய்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாசம் மட்டும் மூணு பேர் எனக்கு போட்டோ அனுப்பினாங்க. மூணும் 1/48 அளவுல (நிஜத்துல 48ல ஒரு பங்கு) செஞ்ச சாப்வித் கேமல் விமான மாடல், மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு அடுக்கு இறக்கை இருக்கறது, மூணுலயும் மேல் இறக்கை ஒரு பக்கமா இறங்கி நிக்குது. கிட்ல வந்த பிளாஸ்டிக் ஸ்ட்ரட் (மேல் இறக்கையைத் தாங்கற குச்சி), ரிக்கிங் நூலை (இறக்கைகளுக்கு நடுவுல கம்பிக்குப் பதிலா கட்டற நூல்) இழுத்ததும் வில்லு மாதிரி வளையுதுன்னு தூக்கிப் போட்டுட்டு பித்தளைக் கம்பில புதுசா செஞ்சிருக்காங்க. எடுத்த முடிவு சரிதான். ஆனா நான் ஆரம்பத்துல எங்க சறுக்கினேனோ அதே இடத்துல சறுக்கியிருக்காங்க, அதான் உக்காந்து எழுதறேன். பிளாஸ்டிக் சிமெண்ட் பித்தளைல ஒட்டாது, பெயிண்ட் மேல பசை நிக்காதுங்கறதெல்லாம் ஒரு தடவை பண்ணினா தானா புரிஞ்சிடும், அதுக்குள்ள போகல.

படத்து மேல வெர்னியர் வெச்சு நீளம் எடுக்கறது

இதைப் பாத்தா எனக்கு இன்னைக்கும் கோவம் வருது, ஏன்னா தப்பு நடந்ததே கடைசி நாள் வரைக்கும் தெரியாது.

பிளான்ல, அதாவது விமானத்தோட அளவு வரைபடத்துல, முன்பக்கத் தோற்றம் இருக்கும், ஸ்ட்ரட் தெளிவா ஒரு கோடா தெரியும், அளந்து அப்படியே வெட்டிடுவோம். அந்தக் கோடு ஸ்ட்ரட்டோட நிழல் மட்டும்தாங்க. கேமல்ல மேல் இறக்கை கீழ் இறக்கையை விட முன்னாடி தள்ளி இருக்கு, அதனால ஸ்ட்ரட் எல்லாம் முன்னாடி சாஞ்சிருக்கும். உடம்புல இருந்து மேல போற கேபேன் ஸ்ட்ரட் அது போதாதுன்னு வெளிப்பக்கமும் விரிஞ்சிருக்கும். முன்னாடி இருந்து பாத்தா சாய்வு தெரியாது, பக்கவாட்டுல இருந்து பாத்தா விரிவு தெரியாது, ஆக எந்தப் படத்துலயும் முழு நீளம் கிடைக்காது.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. உயரம் 15 மி.மீ., முன்சாய்வு 6, விரிவு 5ன்னு வெச்சுக்கோங்க. முன்பக்கப் படத்துல அளந்தா 15.8 வரும், பக்கவாட்டுல அளந்தா 16.2. நிஜ நீளம் 16.9. உயரம், முன்சாய்வு, விரிவு மூணையும் தனித்தனியா வர்க்கம் பண்ணி, கூட்டி, வர்க்கமூலம் எடுக்கணும், ஸ்கூல்ல படிச்ச அதே பிதாகரஸ்தான், ஒரு பக்கம் கூடுதல், அவ்ளோதான். 1.1 மி.மீ.ல என்ன ஆயிடப் போகுதுன்னு நினைக்காதீங்க, 1/48ல அது நிஜ விமானத்துல 5 செ.மீ.க்கு மேல.

நான் மாட்டினது டைகர் மோத்ங்கற இன்னொரு ரெண்டு அடுக்கு இறக்கை விமான மாடல்ல. அந்த விமானத்துல முன் சீட்ல இருக்கறவர் பாராசூட்டோட வெளிய வர இடம் வேணும்னு மேல் இறக்கையை முன்னாடி நகர்த்தினாங்க, அதுல கெட்ட பேலன்ஸை சரி பண்ண இறக்கைகளைப் பின்னாடி சாய்ச்சாங்க. அதனால கேபேன் ஸ்ட்ரட் நல்லாவே முன்னாடி சாஞ்சு, மேல பெட்ரோல் டேங்கைத் தாங்கிட்டு நிக்கும். நான் முன்பக்கப் படத்தை நம்பி நாலையும் வெட்டிட்டேன், இறக்கை உக்காரல, ரப்பர் பேண்ட் போட்டு இழுத்துக் கட்டி சூப்பர் குளூ விட்டேன். நின்னுச்சு. ரிக்கிங் முழுசும் முடிச்சு மூணாவது நாள் ராத்திரி டிக்குன்னு ஒரு சத்தம், போய்ப் பாத்தா கேபேன் ஸ்ட்ரட்டோட பின் (குழிக்குள்ள சொருகற முனை) உடம்போட பிளாஸ்டிக்கையே பேத்துக்கிட்டு வெளிய வந்திருக்கு, நூலெல்லாம் தொங்குது, ரெண்டு மாச வேலை போச்சு. பிளாஸ்டிக் ஸ்ட்ரட்டா இருந்தா கொஞ்சம் வளைஞ்சு கொடுத்து சமாளிச்சிருக்கும். பித்தளை வளையாது, நம்ம அளவுத் தப்பை அப்படியே இறக்கை மேல தள்ளிடும். ஸ்ட்ரட் எவ்ளோ பலமோ அவ்ளோ துல்லியமா நீளம் இருக்கணும்.

இப்ப நான் செய்றது இதுதான். மேல் இறக்கையை அட்டை வெட்டி சரியான உயரத்துல, சரியான சாய்வுல நிறுத்திடுவேன். விளக்குமாத்துல இருந்து காஞ்ச ஈர்க்குச்சி ஒண்ணு உருவி, ரெண்டு குழிக்கும் நடுவுல வெச்சு, உப்புத்தாள்ல கொஞ்சம் கொஞ்சமா தேய்ப்பேன். தள்ளாம உள்ள போகணும், விட்டா விழக்கூடாது. அதுதான் நீளம். கணக்குல வந்த நம்பரோட ஒத்துப் பாத்துட்டுத்தான் பித்தளையைத் தொடுவேன். பிளானை பிரிண்ட் எடுத்திருந்தா முதல்ல இறக்கை நீளத்தை அளந்துக்கோங்க, கேமலுக்கு 28 அடி, அதாவது 1/48ல 177.8 மி.மீ. வரணும். வரலைன்னா அந்தப் பேப்பர்ல எதையும் அளக்காதீங்க.

பின்னுக்கு நீளம் விட மறக்கறது

ஈர்க்குச்சி நீளத்தோட ரெண்டு முனைலயும் ஒன்றரை மி.மீ. சேருங்க.

கம்பி முழுசையும் தட்டையாக்கறது

நடுவுல மட்டும் தட்டுங்க, முனை ரெண்டும் உருண்டையாவே இருக்கட்டும், அதுவே பின். 1/48க்கு 0.8 மி.மீ. கம்பி எடுத்து, அடுப்புல லேசா சிவக்கற வரைக்கும் காட்டி ஆற விட்டா மெத்துனு ஆயிடும். அப்புறம் இரும்புக் கட்டை மேல வெச்சு சின்ன சுத்தியால பொறுமையா தட்டுங்க, தட்டத் தட்ட பித்தளை மறுபடி இறுகிடும், நமக்கு வேண்டிய பலம் அங்கதான் வருது. அதனால தட்டி முடிச்சப்புறம் திரும்ப சூடு காட்டாதீங்க. கடைசியா அரத்தால முன் ஓரத்தை உருட்டி, பின் ஓரத்தை மெலிசாக்குங்க.

கட்டிங் பிளேயர்ல வெட்டின முனையை அப்படியே விடறது

நசுங்கின முனை குழில போகாது. அரம் போடுங்க.

இடது வலது தனித்தனியா செய்றது

வேணாம். ஜோடியா சேத்துப் பிடிச்சு ஒரே தடவைல தேய்ங்க.

எடுத்ததும் சூப்பர் குளூ

அது சில நொடில பிடிச்சிடும், திருத்த நேரமே இருக்காது, சின்ன அதிர்ச்சிக்கும் விட்டுடும். மெதுவா இறுகற எபாக்ஸி போடுங்க, பித்தளை முனையை உப்புத்தாள்ல சொரசொரப்பாக்கிட்டு போடுங்க. இறுகறதுக்குள்ள ஒரு நூலை வால் நுனில பிடிச்சு மேல் இறக்கையோட ரெண்டு முனைக்கும் நீட்டிப் பாருங்க, ரெண்டு தூரமும் ஒண்ணா வர்ற வரைக்கும் நகர்த்திட்டு கையை எடுத்துடுங்க, மறுநாள் காலைல வரைக்கும் தொடாதீங்க.